வெங்கட்டின் இரண்டு தோல்விகள்

இந்திய டெஸ்ட் அணியின் கேப்டன்கள் பட்டியலில் எஸ். வெங்கட்ராகவன் பெயருக்கு நேரே இப்படி இருக்கும்: ஆட்டம் 5, வெற்றி 0, தோல்வி 2, டிரா 3.

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் நம்ம ஊர்ப்பக்கம் பழைய கிரிக்கெட் பேசுகிற பலரும் அவர் கதையை முடித்துவிடுகிறார்கள். "வெங்கட் நல்ல ஸ்பின்னர்தான், கேப்டனாகத்தான் தேறவில்லை" என்பார்கள். டீ ஆறுவதற்குள் தீர்ப்பு முடிந்து அடுத்த ஆளுக்குப் போய்விடும். எனக்கு இதில் சம்மதம் இல்லை. சர்வீஸ் முழுக்க ரிஜிஸ்டரும் லெட்ஜருமாக இருந்தவன் நான். ஒரு பத்தியில் எண் இருந்தால் அதற்குப் பக்கத்துப் பத்திகளையும் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பது எங்கள் வேலையில் பாலபாடம். வெங்கட்டின் பக்கத்துப் பத்திகளை யாரும் பார்ப்பதில்லை.

தோல்வியை ஒரு தனி ஆளின் பெயரில் எழுதிவைக்கும் வழக்கத்தில் அமெரிக்கர்களை மிஞ்ச முடியாது. அவர்களுடைய பேஸ்பாலில் பந்து எறிகிறவருக்கு பிட்சர் என்று பெயர். நம் பவுலர் மாதிரிதான், ஆனால் ஆறு பந்தோடு ஓவர் மாறாது. ஒருவரே தொடர்ந்து எறிந்துகொண்டிருப்பார். களைத்தால் அல்லது அடி வாங்கினால்தான் இன்னொருவர் வருவார். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த பக்கத்தில் ஒரு பிட்சரின் கணக்கில் வெற்றியும், தோற்ற பக்கத்தில் ஒரு பிட்சரின் கணக்கில் தோல்வியும் ஏறும். கையில் வந்த பந்தைக் கோட்டைவிட்டவன் கணக்கிலோ, ஓட்டமே எடுக்காமல் திரும்பிய மட்டைக்காரன் கணக்கிலோ அது ஏறாது. அந்த முழு நாளும் பிட்சர் தலையில்.

சரி, அந்த விளையாட்டின் சரித்திரத்திலேயே அதிகம் தோற்ற பிட்சர் யார்? சை யங் என்பவர். 1890 முதல் 1911 வரை 22 வருஷம் ஆடி 315 ஆட்டங்கள் தோற்றார். இப்படிப்பட்டவரை ஓரமாக வைத்திருப்பார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் வருஷாவருஷம் தலைசிறந்த பிட்சருக்குக் கொடுக்கும் பரிசுக்கே அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். காரணம், அதிகம் ஜெயித்தவரும் அவரே. 511 வெற்றி. வெற்றியில் அவருக்கு அடுத்த இடத்தில் நிற்கும் வால்டர் ஜான்சன் 417 ஜெயித்து 279 தோற்றார். தோல்வி வரிசையிலும் அவர் முன்வரிசைதான். நோலன் ரயன் என்று இன்னொருவர். 324 வெற்றி, 292 தோல்வி. இந்த ரயனுக்கு 1987-இல் நடந்ததைக் கேளுங்கள். அந்த வருஷம் அவர் ஆடிய லீகில் ஆட்டத்துக்குச் சராசரியாக மிகக் குறைந்த ஓட்டம் விட்டுக்கொடுத்தவர் அவர். அதிகம் பேரைப் பந்தைத் தொடவிடாமல் வெளியேற்றியவரும் அவரே, 270 பேர். ஆனால் வருஷக் கடைசியில் அவர் கணக்கு: வெற்றி 8, தோல்வி 16. சொந்த அணி ஓட்டம் எடுத்துக் கொடுக்காவிட்டால் எறிகிற மனுஷன் என்னதான் செய்வார்?

கிரிக்கெட்டில் பவுலரின் பெயரில் தோல்வி எழுதும் பழக்கம் நல்லவேளையாக இல்லை. நாம் அதைக் கேப்டன் பெயரில் எழுதுகிறோம். அங்கேயும் சை யங் கதையேதான். டெஸ்ட் கேப்டனாக உலகத்திலேயே அதிகம் ஜெயித்தவர் தென்னாப்பிரிக்காவின் கிரேம் ஸ்மித். 109 ஆட்டத்தில் 53 வெற்றி. அதிகம் தோற்றவரும் அவரே, 29 தோல்வி. இருபத்திரண்டு வயதில் கேப்டனாக்கி, பத்து வருஷத்துக்கு மேல் அந்த இடத்திலேயே வைத்திருந்தார்கள். 29 முறை தோற்கிற அளவுக்கு ஒருவரை ஒரு நாடு நம்பியிருந்தது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியக் கேப்டன்களில் அதிகம் டெஸ்ட் தோற்றவர் டைகர் பட்டோடி. 40 ஆட்டம், 9 வெற்றி, 19 தோல்வி. ஏறக்குறையப் பாதி ஆட்டம் தோல்வி. அவரை யாராவது தோற்ற கேப்டன் என்று சொல்லிக் கேட்டதுண்டா? கிடையாது. நியூசிலாந்தில் 1968-இல் வெளிநாட்டு மண்ணில் முதல் தொடர் வெற்றியைக் கொண்டுவந்தவர், ஸ்பின்னர்களை நம்பி அணி கட்டியவர் என்றுதான் சொல்கிறோம். அது சரியும்கூட. ஆனால் அந்தப் பேர் வாங்க அவருக்கு 40 ஆட்டம் கிடைத்தது. 21 வயதில் கேப்டனாகி, தோற்று, திருந்தி, மறுபடி தோற்று, கடைசியில் ஜெயிக்கும் வழியைக் கண்டுபிடிக்கிற அவகாசம் அவருக்கு இருந்தது.

பிஷன் சிங் பேடி 22 ஆட்டத்துக்குக் கேப்டன். 6 வெற்றி, 11 தோல்வி, சரி பாதி. வெங்கட்டுக்கு ஐந்தில் இரண்டு. நூற்றுக்கு இத்தனை என்று போட்டுப் பார்த்தால் பேடிக்கு 50, பட்டோடிக்கு 47.5, வெங்கட்டுக்கு 40. ஐந்து ஆட்டத்தை வைத்து நூற்றுக் கணக்குப் போடுவது அபத்தம் என்பது எனக்கும் தெரியும். அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். ஐந்து ஆட்டத்தை வைத்து எந்தக் கணக்கும் போடக் கூடாது. தேறவில்லை என்கிற கணக்கையும்தான்.

அந்த ஐந்தும் எப்படி வந்தன என்று பாருங்கள்.

முதலாவது 1974 டிசம்பர், டெல்லி. கிளைவ் லாயிடின் வெஸ்ட் இண்டீஸ் வந்திருந்தது. பெங்களூரில் நடந்த முதல் டெஸ்டிலேயே இந்தியா பெரிதாகத் தோற்று, கேப்டன் பட்டோடிக்கு விரலிலும் காயம். கவாஸ்கரும் காயம்பட்டு ஆட முடியாத நிலை. ஆகவே வெங்கட்டைக் கூப்பிட்டுக் கேப்டனாக்கினார்கள். விவியன் ரிச்சர்ட்ஸ் என்று ஒரு புதுப் பையன், அவனுக்கு அது இரண்டாவது டெஸ்ட், ஆட்டமிழக்காமல் 192 அடித்துவிட்டான். இந்தியா இன்னிங்ஸ் தோல்வி. அடுத்த டெஸ்ட் கல்கத்தாவில். பட்டோடி திரும்பி வந்துவிட்டார். வெங்கட்? ஆடும் பதினொரு பேரில்கூட அவர் இல்லை. ஒரு டெஸ்டில் நாட்டுக்கே கேப்டன், அடுத்த டெஸ்டில் அணியிலேயே இடமில்லை. தாற்காலிகமாக மேலதிகாரி சீட்டில் உட்காரவைத்து, லீவு முடிந்து அவர் வந்ததும் இவரைப் பழைய சீட்டுக்குக்கூட அனுப்பாமல் வாசலில் நிறுத்திய மாதிரி. இன்சார்ஜ் என்ற பெயரில் இப்படி நடந்ததை ஆபீஸ்களில் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்போம். ஆனால் அந்த இன்னிங்ஸ் தோல்வி மட்டும் இன்றுவரை அவர் பெயரிலேயே நிற்கிறது.

மற்ற நாலும் 1979-இல் இங்கிலாந்தில். டெஸ்டுகளுக்கு முன்னால் உலகக் கோப்பை. அதில் மூன்று ஆட்டமும் போனது. அப்போது டெஸ்ட் அந்தஸ்துகூட இல்லாத இலங்கையிடமும் தோற்றோம். அது அவமானம்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஒருநாள் ஆட்டம் என்றால் என்ன என்றே நம் அணிக்கு முழுசாகப் பிடிபடவில்லை. 1975 உலகக் கோப்பையில் கவாஸ்கர் 60 ஓவரும் நின்று 36 எடுத்ததை மறந்துவிடாதீர்கள். அப்போதும் கேப்டன் வெங்கட்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது நினைவில் இருப்பதில்லை. 1983-இல் கபில்தேவ் கோப்பையைத் தூக்குவதற்கு முந்தைய இரண்டு உலகக் கோப்பைகளிலும் சேர்த்து இந்தியா ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். 1975-இல் கிழக்கு ஆப்பிரிக்காவோடு, விக்கெட்டே இழக்காமல். அந்த ஒரு வெற்றியும் வெங்கட் கணக்கில்தான் இருக்கிறது. அதை யாரும் அவருக்காக எடுத்துச் சொல்வதில்லை.

பிறகு டெஸ்ட் தொடர். பர்மிங்காமில் இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 633 அடித்தது. விழுந்த அந்த ஐந்து விக்கெட்டும் இருபது வயது கபிலுக்கு. பேடி, சந்திரசேகர் எல்லாம் அந்தி வேளைக்கு வந்துவிட்ட நேரம் அது. இன்னிங்ஸ் தோல்வி. இதுதான் வெங்கட்டின் இரண்டாவது தோல்வி, கடைசித் தோல்வியும் இதுதான். லார்ட்ஸில் முதல் இன்னிங்ஸில் 96 ரன்னுக்குச் சுருண்ட அணி, இரண்டாவது இன்னிங்ஸில் விஸ்வநாத்தும் வெங்சர்க்காரும் சதம் அடிக்க, ஆட்டத்தைக் காப்பாற்றியது. லீட்ஸை மழை கொண்டுபோனது.

ஓவலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1979 செப்டம்பர் 4. ஜெயிக்க 438 வேண்டும். நாலாவது இன்னிங்ஸில் அவ்வளவு ரன்னை அதுவரை உலகத்தில் எந்த அணியும் துரத்தி ஜெயித்ததில்லை. கவாஸ்கரும் சேத்தன் சௌகானும் முதல் விக்கெட்டுக்கு 213. கடைசி இருபது ஓவர் தொடங்கும்போது ஒரு விக்கெட்டுக்கு 328. இன்னும் 110 போதும். ரேடியோவை விட்டு எழுந்திருக்க மனசு வராத ராத்திரி அது. நம்ம ஊரில் பல வீடுகளில் அன்று சாப்பாடு ஆறிப்போயிருக்கும். வெங்சர்க்கார் அவுட்டானதும் விஸ்வநாத் வருவார் என்று எதிர்பார்த்தால் வேகமாக அடிப்பதற்காகக் கபில்தேவை அனுப்பினார்கள். அவர் பூஜ்யத்தில் திரும்பினார். கவாஸ்கர் 221-இல் போனார். ஆட்டம் முடிந்தபோது 8 விக்கெட்டுக்கு 429. ஒன்பது ரன் குறைவு. களத்தில் கடைசியாக நின்ற இருவரில் ஒருவர் நம்ம தமிழ்நாட்டு விக்கெட் கீப்பர் பரத் ரெட்டி.

கபிலை முன்னால் அனுப்பியது தவறு என்றுதான் நானும் நினைக்கிறேன். அது கேப்டன் தலையில் விழ வேண்டியதுதான். அந்தத் தொடரில் வெங்கட்டின் சொந்தப் பந்துவீச்சும் எடுபடவில்லை. இதையெல்லாம் ஒத்துக்கொண்டே கேட்கிறேன். அந்த ஒன்பது ரன் வந்திருந்தால் தொடர் 1-1. உலக சாதனையைத் துரத்தி ஜெயித்த கேப்டன் என்று இன்றுவரை பேசியிருப்போம். ஒன்பது ரன் குறைந்ததால் 0-1, தோற்ற கேப்டன். மனுஷன் அதே மனுஷன். அவர் எடுத்த முடிவுகளும் அதே முடிவுகள். கபில் அடித்திருக்க வேண்டிய அந்த ஒன்பது ரன் விஸ்வநாத் மட்டையிலிருந்து வந்திருந்தால்கூட எல்லாமே வேறு.

அணி ஊர் திரும்பும் விமானத்தில், கேப்டன் பதவி கவாஸ்கருக்குப் போய்விட்ட செய்தியை விமானி ஒலிபெருக்கியில் அறிவித்தார். கூடவே உட்கார்ந்திருந்த வெங்கட்டுக்கு விஷயம் தெரிந்தது அப்படித்தான் என்று சொல்வார்கள். மெமோ கொடுக்காமல் ஒரு பியூனைக்கூட மாற்ற முடியாத இந்தத் தேசத்தில் நாட்டின் கேப்டனை இப்படி மாற்றினார்கள்.

தோல்வியை ஆள் பெயரில் எழுதுவதால் வரும் வேடிக்கை இன்னொன்று. பேடி 266 விக்கெட், சந்திரசேகர் 242, பிரசன்னா 189, வெங்கட் 156. நாலு பேரும் சேர்ந்து 853. இந்த நாலு பேரையும் ஒரே டெஸ்டில் ஆடவைத்தது ஒரே ஒரு தடவைதான், 1967-இல் பர்மிங்காமில். அந்த டெஸ்டில் இந்தியா தோற்றது! இவர்கள் நாலு பேரும் சேர்ந்தால் தோல்விதான் என்று அதை வைத்து யாராவது சொன்னால் சிரிப்போம். கேப்டன் விஷயத்தில் மட்டும் அதே மாதிரிப் பேச்சுக்குத் தலையாட்டுகிறோம்.

வெங்கட் ஒன்றும் சாதாரண ஆளில்லை. 1965-இல், பத்தொன்பது வயதில், கிண்டியில் இன்ஜினீயரிங் படிக்கிற பையனாக இருந்தபோது, நியூசிலாந்தோடு டெல்லியில் ஒரே டெஸ்டில் 12 விக்கெட். முதல் இன்னிங்ஸில் மட்டும் 72 ரன்னுக்கு 8. 1971-இல் வெஸ்ட் இண்டீஸை முதன்முதலாகத் தோற்கடித்த போர்ட் ஆஃப் ஸ்பெயின் டெஸ்டில் இரண்டாவது இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்தது அவர். கவாஸ்கரின் 774 ரன் எல்லோருக்கும் தெரியும். அதே தொடரில் இந்தியப் பக்கம் அதிக விக்கெட் வெங்கட்டுக்கு, 22. அப்போது அவர் வைஸ் கேப்டனும்கூட. அதே வருஷம் இங்கிலாந்தில் ஜெயித்தபோதும் வைஸ் கேப்டன். அந்த இரண்டு வெற்றியும் வடேகர் பெயரில் எழுதப்பட்டது. வைஸ் கேப்டனுக்கென்று பத்தி ஏது?

வடேகருக்கும் அந்தக் கணக்கு ரொம்ப நாள் உதவவில்லை. 1974-இல் இங்கிலாந்தில் மூன்று டெஸ்டும் போய், லார்ட்ஸில் 42-க்கு ஆல் அவுட் ஆனதும், 1971 வெற்றிக்காக இந்தூரில் கட்டிவைத்திருந்த பெரிய மட்டை நினைவுச்சின்னத்தையே ஜனங்கள் அலங்கோலப்படுத்தினார்கள். அவர் ஆட்டத்தையே விட்டார். 16 டெஸ்டில் நாலு வெற்றி, நாலு தோல்வி என்று சரிசமமாக வைத்திருந்தவருக்கே இந்தக் கதி.

தோல்விப் பத்தியில் பூஜ்யம் வைத்திருப்பவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டாமா? ஹரியானாவின் ராஜிந்தர் கோயல். ரஞ்சி கோப்பையில் 637 விக்கெட், இன்றும் அதுதான் சாதனை. பம்பாயின் பத்மாகர் சிவால்கர். 1973-இல் சேப்பாக்கத்தில் நடந்த ரஞ்சி இறுதியாட்டத்தில் தமிழ்நாட்டை முதல் இன்னிங்ஸில் 80, இரண்டாவதில் 61 என்று சுருட்டியவர். அவர் மட்டும் 8-ம் 5-ம். ஆட்டம் மூன்றாம் நாள் முதல் பந்தில் முடிந்துபோனது. இந்த இரண்டு பேரும் இந்தியாவுக்காக ஒரு டெஸ்டில்கூடத் தோற்றதில்லை. ஏனென்றால் ஒரு டெஸ்டில்கூட ஆடவில்லை. இருவரும் இடக்கை ஸ்பின்னர்கள். அந்த இடத்தில் பேடி இருந்தார். இந்தியத் தொப்பியோடு ஒரு பத்துத் தோல்வி தருகிறோம், எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டிருந்தால் கோயல் இரண்டு கையாலும் வாங்கியிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நான் பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்தவன். அங்கே கிரிக்கெட் பேச்சே கிடையாது. எல்லாம் ஃபுட்பாலும் சைக்கிள் பந்தயமும். பிரான்ஸ் நாட்டைச் சுற்றும் பந்தயத்தில் ரேமோன் பூலிதோர் என்று ஒருவர் இருந்தார். மூன்று முறை இரண்டாம் இடம், ஐந்து முறை மூன்றாம் இடம். முதலிடத்தில் இருப்பவர் போடும் மஞ்சள் சட்டையை ஒரு நாள்கூடப் போட்டதில்லை. 1964-இல் 55 வினாடியில் தோற்றார். அவரைத் தோற்கடித்த அங்கெதீல் ஐந்து முறை ஜெயித்தவர். ஆனால் ஜனங்கள் செல்லப்பெயர் வைத்துக் கூப்பிட்டு உயிரை விட்டது பூலிதோருக்கு. பூலிதோருக்கு ஒரு வசதி இருந்தது. அடுத்த வருஷமும் அவரே சைக்கிளை எடுத்துக்கொண்டு வரலாம். தேர்வுக்குழுவின் தயவு வேண்டியதில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? 1967-இல் சொந்த ஊரான விருதுநகரிலேயே காமராஜர் தோற்றார். முதலமைச்சராக இருந்தவர், இரண்டு பிரதமர்களை உருவாக்கியவர். தோல்விப் பத்தியைப் பார்த்து முடிவு செய்கிற ஆட்களாக இருந்திருந்தால், நேசமணி மறைந்த பிறகு 1969-இல் நடந்த நாகர்கோவில் இடைத்தேர்தலில் நம்ம ஜனங்கள் அவரைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஜெயிக்கவைத்தோம். 1971-இலும் ஜெயிக்கவைத்தோம். கண்ணை மூடும்வரை அவர் நம் தொகுதி எம்.பி.தான். அந்த வோட்டைப் போட்ட கைகள் நம்மில் பலருக்கு இருக்கிறது. அதே கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு வெங்கட்டை ஒரே வரியில் தள்ளுவது எனக்குப் பொருந்தி வரவில்லை.

தேர்வுக்குழுவில் இருந்தவர்களுக்கும் அவர்களுடைய நியாயம் இருந்திருக்கும். கவாஸ்கர் அப்போது உச்சத்தில் இருந்தார். அடுத்து வந்த ஆஸ்திரேலியாவையும் பாகிஸ்தானையும் சொந்த மண்ணில் 2-0, 2-0 என்று வென்றும் காட்டினார். ஆளை மாற்றியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. காயம்பட்டவருக்குப் பதிலாக ஒன்று, அந்நிய மண்ணில் நாலு என்று கொடுத்துவிட்டு, சொந்த மண்ணில் ஒரு முழுத் தொடர்கூடக் கொடுக்காமல், முழுக்கக் கொடுத்துப் பார்த்ததுபோல ஒரு தீர்ப்பை எழுதிவைத்திருக்கிறோமே, அதைத்தான் ஆட்சேபிக்கிறேன். பட்டோடியின் 19-ஐயும் வெங்கட்டின் 2-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவருக்குக் கிடைத்த அவகாசமும் இன்னொருவருக்குக் கிடைக்காத அவகாசமும் அதில் தெரியும். கேப்டனாக யார் கெட்டிக்காரர் என்பது அதில் தெரியாது.

வெங்கட் 1983 வரை ஆடினார். அதற்குப் பத்து வருஷம் கழித்து வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு அம்பயராக மறுபடி மைதானத்துக்கு வந்தார். 2004 வரை 73 டெஸ்ட்; அவர் வீரராக ஆடியதைவிட 16 அதிகம். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று எல்லா நாட்டு அணிகளும் அவர் விரலுக்குக் கட்டுப்பட்டு நடந்தன. அம்பயர்கள் பட்டியலில் பெயருக்கு நேரே ஆட்டங்களின் எண்ணிக்கை மட்டும்தான் போடுகிறார்கள்.